கிறுக்கல்களும் கல்விப்புலமும்: பெயர் எழுதுகிறவர்கள் பற்றிச் சில குறிப்புகள்

1

கருத்தரங்கு ஒன்றில் பேசுவதற்காக ஒரு கல்லூரிக்குப் போயிருந்தேன். ஊர்ப்பெயர் வேண்டாம். சுவரில் எழுதுவதைப் பற்றி மட்டுமே ஒரு முழு அமர்வு. கட்டுரை வாசித்தவர்கள் நன்றாகவே தயாரித்திருந்தார்கள். நியூயார்க் ரயில்பெட்டிகளும் 1968 மே மாதத்துப் பாரிஸ் சுவர்களும் பெர்லின் சுவரும் திரையில் ஒவ்வொன்றாக வந்துபோயின. வெளி, அதிகாரம், மீறல், எதிர்ப்பு என்கிற சொற்கள் மாறிமாறி ஒலித்துக்கொண்டிருந்தன. அரங்கத்திலோ சுண்ணாம்பு வாடை தாங்கவில்லை. தரமதிப்பீட்டுக் குழு வருகிறது என்று முந்தின வாரம்தான் வளாகம் முழுவதும் வெள்ளையடித்திருக்கிறார்கள்.

தேநீர் இடைவேளையில் விடுதிப் பக்கம் போனேன். கழிப்பறைச் சுவரில் ஈரம் பட்ட இடங்களிலெல்லாம் வெள்ளைக்கு அடியில் பழைய எழுத்துகள் தெரிந்தன. ஒரு பெயர், பக்கத்தில் ஊர். விடுதிச் சோற்றைப் பற்றி ஒரு வசவு. ஒரு சாதியை இழிவாகச் சொல்லும் வரி. அதற்குக் கீழே வேறொரு கையெழுத்தில் சூடான பதில். நான் நின்று படிப்பதைப் பார்த்துவிட்டு, வாசலில் உட்கார்ந்திருந்த காவலாளி சொன்னார்: "அந்தக் கீழ இருக்குறத எழுதுன பையனத்தான் சார் புடிச்சாங்க. ஐந்நூறு ரூபா ஃபைன். அப்பாவக் கூட்டியாரச் சொல்லிட்டாங்க. மேல எழுதுனவன் யாருன்னு கடைசிவரைக்கும் தெரியல. உள்ள நீங்கள்லாம் பேசுறதும் இதப் பத்தித்தானா?"

ஆமாம் என்று சொல்ல வாய் வரவில்லை. இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. திரும்பி வந்து என் கட்டுரையை வாசித்தேன். கைதட்டினார்கள். காவலாளியின் கேள்வி மட்டும் அப்படியே நின்றது. அதற்குப் பதில் சொல்லிப் பார்க்கும் முயற்சிதான் இது.

கிறுக்கல் எப்போது ஆய்வுப்பொருள் ஆகிறது, எப்போது குற்றம் ஆகிறது? இரண்டுக்கும் நடுவில் கோடு போடுவதில் கல்விப்புலத்துக்குப் பங்கு உண்டா? அறிவுக்கும் அதிகாரத்துக்கும் உள்ள உறவு பற்றி ஃபூக்கோ சொன்னதை நாமெல்லாம் மனப்பாடமாக ஒப்பிப்போம். சிறைச்சாலைக்கும் மருத்துவமனைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் அதைப் பொருத்திப் பார்ப்போம். நாம் கட்டுரை வாசிக்கிற கருத்தரங்குக்கு அதைப் பொருத்திப் பார்ப்பது அபூர்வம். கிறுக்கலை முன்வைத்து அதைச் செய்து பார்க்கலாம் என்று தோன்றுகிறது.

2

சொல்லிலிருந்து தொடங்குவோம். தமிழில் இதற்கு ஒரே சொல் கிடையாது. கட்சிக்காரர்கள் எழுதினால் சுவரெழுத்து, சுவர் விளம்பரம். பையன்கள் எழுதினால் கிறுக்கல். அரசனோ வணிகக் குழுவோ வெட்டுவித்தால் கல்வெட்டு. பானை ஓட்டில் இருந்தால் கீறல். கொஞ்சம் மரியாதை கூட்ட வேண்டுமென்றால் குறியீடு. யார் எழுதினார்கள், யாரைக் கேட்டு எழுதினார்கள் என்பதை நம் சொற்களே முன்கூட்டித் தீர்மானித்துவிடுகின்றன. ஆங்கிலத்தில் இவற்றில் பலவற்றையும் கிராஃபிட்டி என்கிற ஒரே சொல் சுமக்கிறது. இத்தாலிய மொழியில் கீறுவதைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. அந்தச் சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்ததில் புலமைத்துறைக்குப் பெரும் பங்கு உண்டு.

கி.பி. 79இல் வெசுவியஸ் எரிமலையின் சாம்பலில் மூடுண்ட பொம்பெயி நகரத்தைத் தோண்டியபோது சுவர்களெங்கும் எழுத்துகள் கிடைத்தன. கருச்சி என்ற பாதிரியார் 1856இல் இவற்றைத் தொகுத்து நூலாக்கினார். 1871இல் ஜெர்மானியர்களின் மாபெரும் லத்தீன் கல்வெட்டுத் தொகுதியில் இவற்றுக்கென்றே 4ஆம் தொகுதி ஒதுக்கப்பட்டது. இன்றைக்கு அங்கே பதிவாகியிருப்பவை 11,000க்கும் மேல். சாயத்தால் எழுதிய தேர்தல் அறிவிப்பு, ஆணியால் கீறிய கடன் கணக்கு, காதல், வசவு, விடுதியைப் பற்றிய புகார், சும்மா ஒரு பெயர் எல்லாம் உண்டு. நான் பார்த்த விடுதிச் சுவரில் இருந்தவைதான். ஒரே வித்தியாசம், எழுதியவர்கள் எல்லோரும் செத்துப்போய் ஆயிரத்து எண்ணூறு ஆண்டு ஆகியிருந்தது.

உயிரோடு இருப்பவர்களின் கிறுக்கலுக்கு இந்த மரியாதை சுலபத்தில் கிடைக்கவில்லை. ஆலன் வாக்கர் ரீட் என்ற அமெரிக்க மொழியியலாளர் 1928இல் மேற்கு மாநிலங்களில் பயணம் போனபோது கழிப்பறைச் சுவர்களில் கண்ட வரிகளைக் குறித்துக்கொண்டார். பேச்சுமொழியின் சொற்கள், அகராதிகள் தவிர்த்துவிட்ட சொற்கள், அச்சு அசலாக அங்கேதான் இருந்தன. ஆனால் அதை நூலாக்க 1935இல் பாரிஸுக்குப் போய், சொந்தச் செலவில், 75 பிரதிகள் மட்டுமே அச்சிட வேண்டியிருந்தது. 1966இல் நாட்டுப்புறவியலாளர் ஆலன் டன்டிஸ் இதே பொருளில் எழுதியபோது கழிப்பறை எழுத்துக்கென்று ஒரு தனிக் கலைச்சொல்லையே உருவாக்கினார். யாரும் முகம் சுளிக்கவில்லை. 31 ஆண்டுகளில் அருவருப்பு ஒரு துறையாகிவிட்டது. ஆனாலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பொம்பெயியில் எழுதியவர்கள் இறந்தவர்கள். ரீடும் டன்டிஸும் திரட்டிய வரிகளுக்குச் சொந்தக்காரர்கள் யாரென்று தெரியாது. கையைக் காணாதவரை எழுத்தைப் படிப்பதில் சங்கடமில்லை.

3

நம் பக்கத்தில் இந்தச் சொல் வேறு வழியாக நுழைந்தது. தொல்லியலாளர்களுக்கு கிராஃபிட்டி என்றால் பானை ஓடுகளில் உள்ள கீறல்கள். 1960இலேயே பி.பி. லால் பெருங்கற்காலப் பானைக் கீறல்களை ஹரப்பா காலத்து அடையாளங்களோடு ஒப்பிட்டு ஒரு கட்டுரை எழுதினார். 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறை, கா. ராஜன், இரா. சிவானந்தம் இருவரும் செய்த ஆய்வை வெளியிட்டது. தமிழ்நாட்டின் 140 இடங்களிலிருந்து 15,000க்கும் மேற்பட்ட ஓடுகளின் கீறல்களை வகைப்படுத்திச் சிந்துவெளிக் குறியீடுகளோடு ஒப்பிட்ட ஆய்வு அது. ஏறக்குறைய 60 விழுக்காடு அடையாளங்களுக்கு அங்கே இணை உண்டு என்பது அதன் முடிவுகளில் ஒன்று. சிந்துவெளி எழுத்தைப் படித்துக் காட்டுகிறவர்களுக்குப் பத்து லட்சம் டாலர் பரிசு என்று அதே மேடையில் முதலமைச்சர் அறிவித்தார்.

இதன் அரசியல் முக்கியத்துவத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. கங்கைக்கரையிலிருந்து மட்டுமே தொடங்குவதாகச் சொல்லப்பட்டுவந்த பெருங்கதையாடலில் நம்முடைய சில்லறை ஓடுகள் ஒரு ஓட்டை போடுமானால் நல்லதுதான். நான் சொல்ல வருவது வேறு. கீறல் 'நாகரிகத்தின் குறியீடு' ஆகிறபோது கீறியவர் எங்கே போகிறார்? சூளையில் வைக்குமுன் குயவர் போட்ட கீறல் வேறு, சுட்டு விற்றபின் வாங்கியவர் கூரான ஒன்றால் கீறியது வேறு என்று தொல்லியலாளர்களே பிரித்துக் காட்டுகிறார்கள். கீழடியில் தமிழி எழுத்துப் பொறித்த 56 ஓடுகள் கிடைத்தன என்று 2019இல் வெளியான அறிக்கை சொன்னது. ஆதன், குவிரன் ஆதன் என்றெல்லாம் அவற்றில் இருப்பவை ஆட்பெயர்கள். அரசனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

நம் வீடுகளில் பாத்திரத்தில் பெயர் வெட்டும் வழக்கம் இருக்கிறது. கடையில் ஒரு ஆள் சின்ன இயந்திரத்தை வைத்துக்கொண்டு, கேட்ட பெயரைக் கொடகொடவென்று வெட்டிக்கொடுப்பார். என் பாட்டி பெயர் வெட்டிய குடம் ஒன்று இன்னமும் எங்கள் வீட்டில் இருக்கிறது. நிலம் தாத்தா பெயரில், வீடு பெரியப்பா பெயரில். பாட்டியின் பெயர் எழுதப்பட்ட ஒரே இடம் அந்தக் குடம். ஆதனின் ஓட்டை நான் அப்படித்தான் பார்க்கிறேன். அது எழுத்தறிவின் பரவலுக்குச் சான்று என்பது சரி. அதற்கு முன்னால் அது 'இது என்னுடையது, நான் இருக்கிறேன்' என்கிற ஒரு ஆளின் உரிமை கோரல். அறிக்கையில் ஓட்டுக்கு எண் உண்டு, அகழ்குழிக்கு எண் உண்டு, மண்ணடுக்குக்கு ஆழம் உண்டு. உரிமை கோரலைப் பதிய அந்த அட்டவணையில் கட்டம் இல்லை. அது தொல்லியலின் வேலையுமில்லை என்று சொல்லலாம். சரிதான். ஆனால் அந்தக் கட்டம் இல்லாமல் போவதன் விளைவு எப்போதும் சாதுவாக இருப்பதில்லை. அதற்குக் கடல் தாண்டிப் போக வேண்டும்.

4

பெயர் எழுதுகிற இந்தச் சாதாரணச் செயல் இலக்கியத் தகுதி பெற்ற இடம் இலங்கையின் சிகிரியா. கி.பி. 477 முதல் 495 வரை ஆண்ட காசியப்பன் அந்தப் பாறையின் உச்சியில் அரண்மனை கட்டினான். பாறையின் இடைவெளியில் பெண்களின் ஓவியங்கள். அதன் கீழே போகும் பாதையை ஒட்டி, சுண்ணச்சாந்து பூசி மெருகேற்றிய நெடுஞ்சுவர். கண்ணாடிச் சுவர் என்கிறார்கள். காசியப்பனுக்குப் பிறகு அது தலைநகராக இல்லை. ஓவியங்களைப் பார்க்க மட்டும் நூற்றாண்டுகளாக மக்கள் வந்துகொண்டிருந்தார்கள். வந்தவர்கள் அந்த மெருகின் மேல் கீறினார்கள். சிலர் ஓவியப் பெண்களின் அழகை வியந்தார்கள், சிலர் அவர்கள் வாய் திறந்து பேசமாட்டேன் என்கிறார்களே என்று குறைப்பட்டார்கள். பலரும் தங்கள் பெயரையும் ஊரையும் சேர்த்தே எழுதினார்கள். எழுதியவர்களில் பெண்களும் உண்டு.

செனரத் பரணவிதான இவற்றை வாசித்தார். மங்கிப்போன, ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக்கிடந்த கீறல்களிலிருந்து 685 பாடல்களைப் பிரித்தெடுத்து, எழுத்தமைதியையும் இலக்கணத்தையும் விளக்கி, இரண்டு தொகுதிகளாக வெளியிட்டார். 1956இல் ஆக்ஸ்ஃபோர்டு பதிப்பகத்தில் வந்தது. பெரும்பாலானவை 8ஆம் நூற்றாண்டிலிருந்து 10ஆம் நூற்றாண்டு வரைக்கும் உள்ளவை. பழைய சிங்களக் கவிதையைப் பற்றி எழுதுகிற யாரும் இந்த நூலைத் தாண்டிப் போக முடியாது. அந்த உழைப்பின் முன் நான் தலைவணங்குகிறேன். போகிற போக்கில் வந்த வழிப்போக்கர்களின் வரிகளை ஒரு மொழியின் இலக்கியமாக நிமிர்த்தி வைத்தது சாதாரணக் காரியம் இல்லை.

ஆனால் பரணவிதான தனி ஆராய்ச்சியாளர் மட்டும் இல்லை. 1940இல் தொல்பொருள் ஆணையரானவர். தொல்பொருள்களைப் பாதுகாக்கும் கட்டளைச் சட்டம் வந்ததும் அதே 1940இல்தான். வாசிக்கிற அதிகாரமும் தடுக்கிற அதிகாரமும் ஒரே அலுவலகத்தில் இருந்தன. அந்த அலுவலகம் இலங்கையின் இன அரசியலுக்கு வெளியில் நின்றதும் இல்லை. 2020இல் கிழக்கு மாகாணத்தின் தொல்பொருள் மரபைப் பேணுவதற்கென்று ஒரு ஜனாதிபதி செயலணி அமைத்தபோது, தமிழரும் முஸ்லிம்களும் பெரும்பான்மையாக வாழும் அந்த மாகாணத்துக்கான குழுவின் முதல் பட்டியலில் ஒரு தமிழரோ முஸ்லிமோ இல்லை.

இப்போது 2015 பிப்ரவரிக்கு வருவோம். கிழக்கிலிருந்து சுற்றுலா வந்த ஓர் இளம் தமிழ்ப்பெண் அந்தக் கண்ணாடிச் சுவரில் தன் பெயரைக் கீறினார். கைது செய்யப்பட்டார். தம்புள்ளை நீதிமன்றம் மார்ச் மாதத்தில் இரண்டு ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. எதிர்ப்புக் குரல்கள் எழுந்தன. ஜனாதிபதி சிறிசேனவின் மன்னிப்பு கிடைத்து சில வாரங்களில் வெளியே வந்தார். நம் பத்திரிகைகளில் இது ஒரு பரிதாபச் செய்தியாக வந்து போய்விட்டது. எனக்கு இது வாசிப்பு பற்றிய செய்தியாகவும் படுகிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னால் வந்தவர் என்ன செய்தாரோ, அதையேதான் இவரும் செய்தார். வந்தார், பார்த்தார், பெயர் எழுதினார். முன்னவருடையது 685இல் ஒன்று. இவருடையது சேதம்.

மறுப்பு என்ன வரும் என்று தெரியும். ஒவ்வொரு புதிய கீறலும் ஒரு பழைய கீறலை அழிக்கிறது; அந்தச் சாந்து இனி ஒருபோதும் பூசப்படப் போவதில்லை; 1967இல் அங்குள்ள ஓவியங்களின் மேல் சாயத்தைக் கொட்டி நாசம் செய்தார்கள், இத்தாலியிலிருந்து நிபுணர் வந்து மீட்க வேண்டியிருந்தது. எல்லாம் உண்மை. சுவரைத் திறந்துவிடுங்கள், எல்லோரும் கிறுக்கட்டும் என்று நான் சொல்லவில்லை. ஒரு பெயரைக் கீறியதற்கு இரண்டு ஆண்டுச் சிறை என்பதை நியாயமாகத் தோன்றச் செய்தது எது என்று கேட்கிறேன். அந்தச் சுவரின் புனிதம் காசியப்பனிடமிருந்து வந்ததல்ல. வழிப்போக்கர்கள் எழுதியதாலும் அறிஞர்கள் வாசித்ததாலும் வந்தது. கிறுக்கலால் புனிதமான சுவரில் கிறுக்கியவர் சிறைக்குப் போனார். இந்த முரணைப் பார்த்துப் பேச வேண்டியவர்களில் முதல் ஆள் அந்த 685 பாடல்களையும் படித்தவர்தான். இது பெயரெழுதும் மரபின் தொடர்ச்சி, எச்சரித்து அனுப்புங்கள் என்று சொல்ல, அந்த அறிவைவிடப் பெரிய தகுதி வேறெதற்கு இருக்க முடியும்?

சட்டத்தின் தர்க்கம் கடலுக்கு இந்தப் பக்கமும் அதுதான். இந்தியாவின் 1958ஆம் ஆண்டுத் தொல்சின்னச் சட்டத்தின்படி ஒரு கல்வெட்டோ கட்டடமோ பழஞ்சின்னம் ஆக வேண்டுமானால் நூறு ஆண்டு ஆகியிருக்க வேண்டும். பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சிதைத்தால், 2010 திருத்தத்துக்குப் பிறகு, இரண்டு ஆண்டு வரை சிறை. அதே சுவரில் நூறு ஆண்டுக்கு முந்தையது தடயம், நேற்றையது குற்றம். காலம்தான் கிறுக்கலைக் கழுவிச் சுத்தம் செய்கிறது. காலத்தைக் கணக்கிட்டுச் சொல்கிறவர்கள் நம் ஆய்வாளர்கள்.

5

செத்தவர்களின் எழுத்தில்தான் இந்தச் சிக்கல், உயிரோடு இருப்பவர்களை நேரில் ஆராய்ந்தால் தீர்ந்துவிடும் என்று நினைக்கலாம். அதற்கு நியூயார்க்கைப் பார்க்க வேண்டும். கிராஃபிட்டி ஆய்வு என்று இன்றைக்கு நம் கல்லூரிகளில் வாசிக்கப்படுவதில் பாதிக்கு மேல் அங்கிருந்து வந்ததுதான்.

1971 ஜூலையில் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ், நகரமெங்கும் 'டாக்கி 183' என்று எழுதிவந்த ஒரு பையனைப் பற்றிச் செய்தி வெளியிட்டது. டாக்கி செல்லப்பெயர், 183 அவன் வசித்த தெருவின் எண். அதற்கப்புறம் நூற்றுக்கணக்கான பையன்களும் பெண்களும், பெரும்பாலும் கறுப்பினத்தவர்களும் புவர்ட்டோ ரிக்கோக்காரர்களும், சுரங்க ரயில்களில் தங்கள் பெயர்களை ஏற்றினார்கள். அறிவுலகம் உடனே வந்து சேர்ந்தது. 1972இல் ஒரு சமூகவியல் மாணவர் அவர்களில் சிலரைச் சேர்த்துச் சங்கம் அமைத்தார், அடுத்த ஆண்டே ஓவியக்கூடத்தில் கண்காட்சி. 1974இல் நார்மன் மெய்லர் ஒரு முழு நூல் எழுதினார். பிறகு போத்ரியார் வந்தார்.

போத்ரியாரின் வாசிப்பு நம் சிற்றிதழ்க்காரர்களுக்குப் பிடித்தமானது. எனக்கும் ஒரு காலத்தில் பிடித்திருந்தது. இந்தப் பெயர்களுக்கு அர்த்தம் இல்லை, செய்தி இல்லை, வெறும் குறிப்பான்கள், எல்லாவற்றையும் அர்த்தப்படுத்தி விற்கும் நகரத்தின் குறி ஒழுங்குக்குள் காலியான குறிகளாக நுழைந்து அதைக் குலைக்கின்றன, குறிகளால் ஆன கலகம் இது என்பது அவர் வாதத்தின் சாரம். 1976இல் வந்த அவருடைய நூலில் இது இடம்பெற்றது. அழகான வாதம். ஆனால் 183 என்பது காலியான குறியா? அது ஒரு தெரு. அந்தத் தெருவில் இருப்பவர்களுக்குத் தெரியும். பாரிஸில் உட்கார்ந்து படிப்பவருக்கு அது வெறும் எண். சிகிரியாவில் தன் ஊரைச் சேர்த்து எழுதியவரைப் போல, விடுதிச் சுவரில் ஊரை எழுதிய பையனைப் போல, டாக்கியும் முகவரியோடுதான் எழுதினான். ரயில் எங்கெங்கே போகிறதோ அங்கெல்லாம் எங்கள் தெருவும் போகட்டும் என்று. கலகம் என்று கொண்டாடுவதற்காக அவன் முகவரியை அழிக்க வேண்டியிருந்தது. கொண்டாட்டமும் ஒருவகை வெள்ளையடிப்புத்தான்.

இடதுபக்கத்து வாசிப்பு இப்படி என்றால் வலதுபக்கத்து வாசிப்புக்குக் கையில் தடி இருந்தது. 1979இல் சமூகவியலாளர் நேதன் கிளேசர் சுரங்க ரயில் கிறுக்கல்கள் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். கிறுக்கல் தன்னளவில் பெரிய தீங்கு இல்லை. பயணிக்கு அது தரும் உணர்வுதான் தீங்கு. இந்த இடம் யார் கட்டுப்பாட்டிலும் இல்லை, யார் வேண்டுமானாலும் எதையும் செய்யலாம் என்கிற உணர்வு என்றார். 1982இல் வில்சனும் கெல்லிங்கும் 'உடைந்த ஜன்னல்கள்' என்ற கட்டுரையை எழுதியபோது கிளேசரை எடுத்தாண்டார்கள். சின்னச்சின்ன ஒழுங்கீனங்களைக் கண்டிக்காமல் விட்டால் பெருங்குற்றம் வரும் என்ற அந்தக் கோட்பாடு அமெரிக்கக் காவல்துறையின் வேதமாயிற்று. 1985இல் கெல்லிங் நியூயார்க் போக்குவரத்துத் துறைக்கே ஆலோசகரானார். 1989 மே மாதத்தில், கிறுக்கல் உள்ள ரயில் ஒன்றுகூட இனி ஓடவில்லை என்று அந்தத் துறை அறிவித்தது. வேலி, நாய், ரேஸர் கம்பி, கழுவும் பட்டறை எல்லாவற்றோடும் சேர்ந்து ஒரு பல்கலைக்கழகக் கட்டுரையும் அந்த வேலையில் இருந்தது.

நடுவில் ஒரு சாவு. 1983 செப்டம்பர் 15 விடியற்காலை, மைக்கேல் ஸ்டூவர்ட் என்ற 25 வயதுக் கறுப்பின இளைஞரை, சுரங்க ரயில் நிலையச் சுவரில் எழுதினார் என்று சொல்லிப் போலீஸ் பிடித்தது. மருத்துவமனைக்குக் கொண்டுவந்தபோது நினைவில்லை. 13 நாள் கழித்து இறந்தார். வழக்கில் நின்ற ஆறு போலீசாரும் 1985இல் விடுதலையானார்கள். ஓவியர் பாஸ்கியா இந்தச் சாவை நண்பர் கீத் ஹேரிங்கின் ஓவியக்கூடச் சுவரில் வரைந்தார். ஹேரிங் பின்னால் அந்தச் சுவர்ப்பகுதியை அறுத்தெடுத்துச் சட்டம் போட்டுக்கொண்டார். 2019இல் அதை மையமாக வைத்து குகன்ஹைம் அருங்காட்சியகம் ஒரு கண்காட்சியே நடத்தியது. சுவரில் எழுதினார் என்பதற்காகச் செத்தவரின் நினைவு, சுவரோடு அறுத்தெடுக்கப்பட்டு அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

6

அப்படியானால் ஆராயவே கூடாதா? நான் அப்படிச் சொல்ல மாட்டேன். இதே நியூயார்க்கிலிருந்து எதிர்ச்சான்றுகளும் உண்டு.

ஒன்று, கிரெய்க் காசில்மேன் 1982இல் வெளியிட்ட நூல். எழுதியவர்களிடம் போய் உட்கார்ந்து கேட்டு எழுதியது. யார் நல்ல எழுத்துக்காரர், எது திருட்டு, யாருடைய எழுத்தின்மேல் எழுதலாகாது என்பதற்கெல்லாம் அவர்களுக்குள் விதிகள் இருந்தன. ரயிலில் பெயரை ஏற்றுவதற்கு அவர்கள் சொன்ன சொல்லையே அவர் நூலுக்குப் பெயராக வைத்தார். அதே நூலில் போலீஸ்காரர்களும் போக்குவரத்துத் துறையும் நகராட்சியின் செலவுக் கணக்கும் வருகின்றன. எழுதுகிறவர், அழிக்கிறவர், பிடிக்கிறவர் மூவரும் ஒரே ஆய்வுக்குள் இருக்கிறார்கள். மெய்லரின் ஆவேசமோ போத்ரியாரின் பளபளப்போ அதில் இல்லை. ஆனால் அதைப் படித்தால் டாக்கியின் தெரு தெரிகிறது.

இரண்டாவது ஒரு வழக்கு. குவீன்ஸ் பகுதியில் 'ஃபைவ் பாயின்ட்ஸ்' என்ற பழைய தொழிற்சாலைக் கட்டடத்தில் உரிமையாளரின் சம்மதத்தோடு ஆண்டுக்கணக்காக ஓவியர்கள் எழுதிவந்தார்கள். 2013 நவம்பரில் ஒரே இரவில் உரிமையாளர் எல்லாவற்றுக்கும் வெள்ளையடித்துவிட்டார். ஓவியர்கள் வழக்குப் போட்டார்கள். அந்தப் படைப்புகளுக்கு அங்கீகரிக்கப்பட்ட தகுதி இருந்தது என்று நிறுவ வல்லுநர்கள் சாட்சி சொன்னார்கள். 2018இல் 21 பேருக்கு 67.5 லட்சம் டாலர் இழப்பீடு தர நீதிமன்றம் உத்தரவிட்டது, மேல்முறையீட்டிலும் 2020இல் உறுதியானது. கல்விப்புலம் வாய் திறந்தால் வெள்ளையடித்தவரும் கூண்டில் ஏற வேண்டியிருக்கும் என்பதற்கு இது சான்று. கூடவே அதன் எல்லையும் தெரிகிறது. அனுமதியோடு எழுதியவர்களுக்கே, கலை என்று ஒப்புக்கொள்ளப்பட்டதற்கே அந்த நீதி கிடைத்தது. வெறும் பெயர் எழுதுகிறவனுக்குச் சாட்சி சொல்ல யாரும் வரமாட்டார்கள்.

இதிலிருந்து நமக்கு என்ன? சிலவற்றை விவாதத்துக்காகச் சொல்லிவைக்கிறேன்.

எழுதியவர்களிடம் இருக்கும் சொற்களிலிருந்து ஆய்வு தொடங்க வேண்டும். எதிர்ப்பு, மீறல் என்ற நம் சொற்கள் காத்திருக்கட்டும். சோறு சரியில்லை என்று எழுதியவன் முதலில் சோற்றைப் பற்றித்தான் எழுதியிருக்கிறான். அழிப்பும் தண்டனையும் அந்தப் பிரதியின் பகுதி. எப்போது வெள்ளையடித்தார்கள், யார் உத்தரவு, யார் அபராதம் கட்டினார்கள் என்பதைச் சேர்க்காமல் வெறும் புகைப்படத்தை மட்டும் வைத்து எழுதுகிற கட்டுரை அரைக் கட்டுரை. எல்லாக் கிறுக்கலும் விளிம்பின் குரல் என்று பாராட்டுப் பத்திரம் வாசிக்கவும் கூடாது. அந்தக் கழிப்பறைச் சுவரில் மேல்வரி சாதித்திமிர், கீழ்வரி அதற்குப் பதில். சுவர் இரண்டுக்கும் இடம் கொடுத்தது. நிர்வாகம் இரண்டையும் ஒரே வெள்ளையால் மூடியது. ஆனால் அபராதம் ஒருவனுக்கு மட்டும். இரண்டையும் 'மாணவர் சுவரெழுத்து' என்ற ஒரே தலைப்பில் அடைத்து வாசிக்கிற கட்டுரையும் அந்த வெள்ளையடிப்பைத்தான் திரும்பச் செய்கிறது. கடைசியாக ஒன்று. உயிரோடு இருக்கிறவரின் கையை எழுத்திலிருந்து அடையாளம் காட்டுகிற அறிவு போலீசுக்கும் பயன்படும். எதை எழுதாமல் விட வேண்டும் என்பதும் ஆய்வுமுறையில் சேர்ந்ததுதான்.

இவ்வளவும் சொல்கிற நான் அன்றைக்கு என்ன செய்தேன்? அரங்குக்குத் திரும்பி, பாரிஸ் சுவர்களைப் பற்றி இருபது நிமிடம் பேசினேன். கேள்வி நேரத்தில் அந்தப் பையனின் அபராதத்தைப் பற்றி எழுந்து கேட்டிருக்கலாம். அழைத்தவர்களுக்குச் சங்கடமாக இருக்குமே என்று விட்டுவிட்டேன். வழிச்செலவுக்கான உறையை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். உறையில் இருந்தது அபராதத்தைவிட அதிகம். பிற்பாடு அந்தத் துறைக்குக் கடிதம் எழுதினேன்: அடுத்த கருத்தரங்கில் சுவரெழுத்து பற்றி அமர்வு வைப்பதாக இருந்தால் அந்த மாணவனைக் கூப்பிடுங்கள், அதற்கு முன்னால் அவனுடைய ஐந்நூறு ரூபாயைத் திருப்பிக் கொடுங்கள் என்று. பதில் வரவில்லை. பதில் வந்தால் இதே பக்கங்களில் எழுதுகிறேன். தங்கள் கல்லூரிகளில் இப்படி நடந்திருந்தால் நண்பர்களும் எழுத வேண்டும். சுவர்களைப் பற்றிய நம் ஆய்வுகளை அங்கிருந்து தொடங்கலாம்.